வேகவைத்த சிப்பிகள்

…ஒரு சொல்கூட இல்லை, எல்லாப் பேச்சுக் குமிழும் வெள்ளை, மார்லீன் முதல் தாளைத் திருப்பி வைத்த பிறகுதான் என் கண்ணில் படுகிறது, தவறான தாள்கட்டை எடுத்து வந்திருக்கிறேன். இது பிரெஞ்சுப் பதிப்பகத்துக்குப் போக வேண்டியது. எங்கள் நாட்டில் ஒரு சித்திரக்கதையை ஒரு தடவைதான் வரைவோம், எங்கள் மொழியிலும் பிரெஞ்சிலும் விற்போம், அதனால் எழுத்து கணினியில் தனி அடுக்கில் இருக்கும், பிரெஞ்சுக்காரர்களுக்கு அனுப்பும்போது அந்த அடுக்கை அணைத்துவிட்டு வெறும் படத்தை அச்செடுப்போம், அவர்கள் தங்கள் எழுத்தை வைத்துக்கொள்வார்கள். நகல் கடைக்காரன் இரண்டு கட்டையும் ஒரே பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தான், நானும் பிரித்துப் பார்க்கவில்லை, ஒன்றைத் தபாலில் போட்டேன், ஒன்றைத் தூக்கிக்கொண்டு டிராம் ஏறினேன். ஆக, என் கதையில் வரும் என் சிறுவயதுத் தோழி வேர்லெயின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் இப்போது பிரஸ்ஸல்ஸில் யாரோ ஒருவரின் மேஜைமேல், அவள் அம்மா மார்லீன் முன்னால் இருப்பது வாய் திறந்து கத்துகிற, சத்தமே வராத வேர்லெ. சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மார்லீன் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "காப்பியக் குடி, ஆறிடும். நான் பாக்கும்போது பேசாத" என்றாள். தட்டில் வைத்த பிஸ்கட்டை உடைத்தேன். ஏன் பேசவில்லை?

பேசியிருக்கலாம், "மார்லீன், இது வேற கட்டு, நாளைக்கு வர்றேன்" என்று அள்ளி உறையில் போட்டிருக்கலாம், இந்த மிடில்கெர்கெயிலிருந்து நான் இருக்கும் ஓஸ்டெண்டுக்கு டிராம் வந்துகொண்டேதான் இருக்கிறது, அவளுடைய ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு டிராமுக்கும் ஒரு தடவை அதிர்கிறது. ஆனால் நாளைக்கு இந்தத் தைரியம் இருக்குமா? இந்த வீட்டுக்குள் வரவே எனக்கு நான்கு வருடம் ஆயிற்று, புத்தகத்தை முழுக்க வரைந்து முடிக்கிறவரை. இப்போதும் நானாக வரவில்லை, பதிப்பாளர் யோஸ்ட் தள்ளிவிட்டதால் வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் உண்மைப் பெயரைப் போடுகிறாய், ஊர் பெயரைப் போடுகிறாய், அம்மா உயிரோடு இருக்கிறார், அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது என்கிறான். "கட்ரைன், பேர மட்டும் மாத்திடேன், குடியா முழுகிடப் போவுது?" என்றான். மாற்ற மாட்டேன் என்றேன். "சரி, அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கத்தையாவது எடு. செத்துப்போன பத்து வயசுப் பொண்ணு, அவளப் போயித் திருடின்னு காட்டணுமா? எந்த அம்மா ஒத்துக்குவா?" எடுக்க மாட்டேன் என்றேன். "கடிக்கிற கட்டம்?" அதையும் எடுக்க மாட்டேன். "அப்ப நீயே போயி அந்தம்மா கால்ல விழு" என்று தொலைபேசியை வைத்தான். காலில் விழ வரவில்லை. காட்ட வந்திருக்கிறேன். இதோ உங்கள் மகள், இப்படித்தான் இருந்தாள், ஒரு கோட்டையும் அழிக்க மாட்டேன், வேண்டாம் என்றால் புத்தகமே வேண்டாம்… இதையெல்லாம் டிராமில் வரும்போது சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். எதிர் இருக்கைக்காரர் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேர்லெயைத் தேவதை என்றார்கள். அக்டோபரில் காய்ச்சல் என்று படுத்தாள், மூளைக்காய்ச்சல், அந்த வாரமே போய்விட்டாள், அதோடு தேவதை ஆகிவிட்டாள். பள்ளியில் அவள் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவத்தி வைத்தார்கள், அவளை வாரத்துக்கு மூன்று நாள் வெளியே நிறுத்திய அதே ஆசிரியை, எங்கள் சின்னத் தேவதை என்று அழுதாள். சவ அடக்கத்தின்போது தேவாலய வாசலில் எல்லோருக்கும் இரங்கல் அட்டை கொடுத்தார்கள், எங்கள் ஊரில் யார் செத்தாலும் அச்சடித்துக் கொடுப்பதுதான், முன்பக்கம் படம், பின்பக்கம் ஜெபம். வேர்லெயின் அட்டையில் அவள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த படம். வெள்ளைக் கவுன், தலையில் பூ, வாயை இறுக்கி மூடியிருந்தாள். மூடச் சொல்லியிருப்பார்கள். முன்பல் பாதி உடைந்தது, கடல்சுவர்ப் படியில் என்னை முந்தப் போய் உடைத்துக்கொண்டது, அந்தப் பல்லைக் காட்டாமல் அவள் எதையும் சொன்னதில்லை, சிரித்ததில்லை, துப்பியதில்லை. நான் வீட்டுக்கு வந்து நீலப் பேனாவால் அட்டையில் அவள் வாயைத் திறந்தேன். உடைந்த பல்லைப் போட்டேன். என் அம்மா என் கன்னத்தில் ஒன்று வைத்தாள், வலித்தது, ஆனால் அட்டையில் இருந்தது வேர்லெ. அப்போதும் நான் செய்தது சரி. இப்போதும் சரி. பிறகு எத்தனையோ புத்தகங்களுக்கு வரைந்தேன், நாய்கள், விமானிகள், அரசர்கள், யார் எழுதிக் கொடுத்தாலும் வரைந்தேன், எல்லாம் கைப்பழக்கத்துக்காக, இந்தப் பல்லை ஒரு நாள் சரியாகப் போடுவதற்காக.

மார்லீன் கடற்கரைப் பக்கங்களுக்கு வந்துவிட்டாள். விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்புகிறாள், அச்சு மை ஈரத்தில் இழுக்குமோ என்று பயமாக இருக்கிறது. மணலைக் குவித்துக் கட்டிய எங்கள் கடை, அதில் குத்தி வைத்த காகிதப் பூக்கள், பின்னால் சாம்பல் நிறக் கடல். கோடை முழுக்கப் பிள்ளைகள் இந்தக் கடை போடுவார்கள், இன்றைக்கும் போடுகிறார்கள், சுருள் காகிதத்தில் பூச்செய்து குச்சியில் கட்டி விற்பார்கள், விலை காசில் இல்லை, சிப்பியில். அதுவும் எல்லாச் சிப்பியும் செல்லாது, சவரக்கத்தி மாதிரி நீளமானது என்றால் மதிப்பு அதிகம், சின்னச் சின்ன இளஞ்சிவப்புக்கும் மதிப்பு உண்டு, எதுவானாலும் கடல் கொண்டுவந்து போட்டதாக இருக்க வேண்டும், குனிந்து பொறுக்கியதாக இருக்க வேண்டும். சட்டம் எழுதியவர் யாரும் இல்லை, மீறினவர்களும் இல்லை, வேர்லெ ஒருத்தியைத் தவிர. குனிந்து பொறுக்க அவளுக்குப் பொறுமை இல்லை. உணவகத்தின் பின்னால் நிற்கிற குப்பைத்தொட்டியிலிருந்து, சுற்றுலாப் பயணிகள்…

இல்லை, இதை ஒழுங்காக நினைக்க வேண்டும், யோஸ்ட் எடு என்று சொன்ன பக்கம் இதுதான். ஊருக்கு வருகிறவர்கள் செலரித் தழை போட்டு வேகவைத்த மட்டியைப் பானை பானையாகத் தின்பார்கள், உருளை வறுவலோடு, தின்று முடித்த கருநீல ஓடுகள் பின்பக்கத் தொட்டிக்குப் போகும். வேர்லெ அந்த ஓடுகளைக் கொண்டுவருவாள். ஸ்வெட்டரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அதில் அள்ளி, வயிறு நனைய, ஓடி வருவாள். "தொட்டிலேருந்து திருடிட்டேன்டி, சமையக்காரன் கரண்டியத் தூக்கிட்டு தொரத்துனான்" என்பாள். உடைந்த பல் தெரியும். ஓடுகளை மணலில் தேய்த்து, கடலில் அலசி, அதைக் கொடுத்து மற்றப் பிள்ளைகளின் கடையில் நல்ல பூக்களை வாங்கி வருவாள், அதை எங்கள் கடையில் வைத்து நிஜச் சிப்பிக்கு விற்போம். ஒரு கெண்ட் நகரப் பையன் மட்டும் ஓடு ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தான். "செலரி வாசம் அடிக்குது! இது வெந்த சிப்பி! ஏமாத்துக்காரி!" என்று கடற்கரைக்கே கேட்கும்படி கத்தினான். வேர்லெ அவன் கையைப் பிடித்துக் கடித்தாள். பாதிப் பல்லின் தடமும் சேர்ந்து விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அவன் அழுதுகொண்டு ஓடினான், அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, அவன் விட்டுப்போன பூக்களையும் எடுத்துக்கொண்டாள். இவளைத் தேவதை என்றால் எனக்குக் கோபம் வராதா?

அந்தப் பக்கத்துக்கு இன்னும் நான்கைந்து தாள்தான். எழுத்து இல்லை… எழுத்து இல்லாமல் அது எப்படித் தெரியும்? ஒரு பெண் தொட்டிக்குள் குனிகிறாள், கால் இரண்டும் அந்தரத்தில். விளையாட்டு என்று நினைப்பாள். பையன் வாய் திறந்திருக்கிறான், குமிழ் வெள்ளை, ஏமாற்றுக்காரி என்ற சொல் இல்லை. கடிக்கிற கட்டம் மட்டும் எதுவும் செய்ய முடியாது, ஆனால் காரணம் தெரியாத கடி சண்டைதானே, பிள்ளைகள் சண்டை போடுவார்கள்… இப்படியே விட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். நல்லாருக்கு என்பாள், கண்ணைத் துடைப்பாள், சம்மதப் படிவத்தை நீட்டுவேன், போட்டுவிடுவாள், பிறகு சொற்கள் அச்சாகி வரும்போது என்ன செய்ய முடியும்? யோஸ்ட் இதைக் கேட்டால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பான். ஊமையான வேர்லெயைக் காட்டிச் சம்மதம் வாங்கினால் நான் யார்? அந்த அட்டைக்குப் படம் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவர்கள் வாயை மூடினார்கள், நான் சத்தத்தை எடுத்துவிட்டேன், அவ்வளவுதானே. வேண்டாம். இந்தத் தந்திரத்தை வேர்லெயே செய்திருப்பாள், சந்தேகமில்லை, ஆனால் அவள்மேல் செய்யக் கூடாது.

"மார்லீன், இதுல எழுத்து இருக்கணும்" என்றேன். "தப்பான கட்டு கொண்டாந்துட்டேன். இந்தக் குமிழ்ல எல்லாம் பேச்சு இருக்கு. கெட்ட பேச்சு."

"தெரியும்டி."

"தெரியுமா?"

"எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நானும் சனிக்கிழமையானா படக்கதைக்கு அடிச்சிக்கிட்டு வளர்ந்தவதான். வெள்ளையா இருந்தா எழுத்து வரலன்னு அர்த்தம்." தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ எழுதுனத நீ வச்சிக்க. அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது, நான் கவனிக்கவில்லை, ஜெபம் என்று நினைத்திருப்பேனோ? வெள்ளைக் குமிழ் ஒவ்வொன்றையும் அவளே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். கெண்ட் பையன் பக்கத்துக்கு வந்ததும் சத்தமாகவே படித்தாள், குரலை மாற்றவில்லை, எழுபது தாண்டிய, புகை குடித்துக் கரகரத்த குரல், அதில் வேர்லெ வந்தாள். "மோந்தா பாக்கற? மோந்து பாக்க நீ என்ன நாயாடா? இந்தா, குதிரச் சாணி கெடக்கு, அதையும் மோந்து பாத்துட்டு வந்து வெல சொல்லு." நான் அந்தக் குமிழில் எழுதியிருந்தது, உனக்கு வேண்டாம் என்றால் போ, பொய்யனே என்று. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். நான்கு வருடம் மல்லுக்கட்டிவிட்டு அவ்வளவுதான். பல்லைப் போட்டேன், பேச்சைக் கழுவிவிட்டேன், பள்ளிக்கூட மொழியில் திட்ட வைத்தேன்… யோஸ்ட் அதற்கே பயந்தான். சரி, மாற்றுகிறேன், இன்றைக்கே மாற்றுகிறேன், சாணியைச் சேர்க்கிறேன், யோஸ்ட் சாகட்டும். மார்லீன் கடிக்கிற கட்டத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "நல்லாக் கடிச்சிருக்கா" என்றாள். பிறகு தாளைப் பின்னோக்கித் திருப்பினாள், தொட்டிப் பக்கம், அதிலேயே நின்றாள், ஒரு டிராம் போயிற்று, இன்னொன்று போயிற்று. விரலைத் தொட்டியின்மேல் வைத்தாள்.

"இது தப்பு."

இதோ வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "தப்பு இல்ல, மார்லீன். அவ திருடுனா. நீங்க வேண்டாம்னாலும் இத எடுக்க மாட்டேன்."

"எடுன்னு யாரு சொன்னா? நடந்தது இது இல்லங்கறேன். அவ எங்க திருடுனா? நாந்தான் குடுத்தேன்."

எந்த உணவகம் என்று எனக்குத் தெரியும், அங்கே மார்லீன் பாத்திரம் கழுவினாள் என்றும் தெரியும், இரண்டும் என் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன, ஒரு நாளும் ஒன்றை ஒன்று தொட்டதில்லை. தட்டுகள் திரும்பி வரும்போது உடையாத ஓடாகப் பார்த்து ஒதுக்குவாளாம், சோடா போட்டு அலசுவாளாம், செலரி வாசம் போகவே போகாதாம், முதலாளி பார்க்காத நேரம் பின்கதவில் வைத்து வேர்லெயிடம் கொடுப்பாளாம். "பொறுக்கிட்டு வாடின்னா கேக்க மாட்டா. கடைல தோத்துட்டேன்னு ராத்திரில்லாம் மூஞ்சத் தூக்கி வச்சிருப்பா. நான் என்ன பண்ண, எங்கிட்ட இருந்தது அதுதான்" என்றாள். சமையல்காரன் கரண்டியோடு துரத்தியது? "எந்தச் சமையக்காரன்? பீட்டையா சொல்ற? அவன் பாவம், குண்டன், எழுந்து நின்னா உக்காரணும்பான்." அப்படியென்றால் இந்தக் கால்கள், அந்தரத்தில் நிற்கிற இந்த இரண்டு கால்கள்? நான் பார்த்தேன்… பார்த்தேனா? கடையை யார் காவல் காத்தது? இரண்டு பேரில் ஒருத்தி கடையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூ போய்விடும், அவள் ஓடினால் நான் இருந்தேன், எப்போதும் ஓடியவள் அவள். நான் பார்க்கவே இல்லை. அவள் சொன்னாள். அவள் சொன்னதைப் பார்த்தேன்.

பொய் சொல்லியிருக்கிறாள், எனக்கு, எனக்கு மட்டும். அம்மா கழுவிக் கொடுத்ததைக் குப்பைத்தொட்டி என்றாள். எல்லோரும் அவளை வெள்ளையாக்கினார்கள் என்று இத்தனை காலம் கத்திக்கொண்டிருக்கிறேன், அவளானால் எனக்காகத் தன்னைக் கொஞ்சம் அழுக்காக்கி வைத்திருக்கிறாள். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. "நான் மாத்த மாட்டேன்" என்றேன், குரல் தேவைக்கு மேலேயே எழுந்தது. "அவ எங்கிட்ட என்ன சொன்னாளோ அதுதான் கத. இது என் புத்தகம்."

"இருக்கட்டும். நான் உன் வேர்லெயத் தொடல. பேரு அப்படியே இருக்கட்டும், பல்லு இருக்கட்டும், கடிக்கட்டும். ஆனா என்னையப் போடு. பின்கதவுல. ஏப்ரன் கட்டிக்கிட்டு."

"முடியாது."

"அப்ப எனக்கும் முடியாது. உன் பேப்பர எடுத்துக்கிட்டுக் கெளம்பு." உறைக்கடியில் கிடந்த படிவத்தை என் பக்கம் தள்ளினாள், காப்பிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கத்தில் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாடை… அதை எத்தனை தடவை வரைந்திருக்கிறேன், யாருடையது என்று நினைத்து வரைந்தேன்? தாள்களை அடுக்கத் தொடங்கினேன், போய்விடலாம், புத்தகமே வேண்டாம் என்றுதானே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுக்கும்போது ஒவ்வொன்றும் கண்ணில் பட்டுக்கொண்டே போயிற்று, கடற்கரை, படிக்கட்டு, பள்ளி, மழையில் டிராம் நிறுத்தம், வெளியிலிருந்து பார்த்த மருத்துவமனை ஜன்னல். ஆசிரியை இருக்கிறாள், பாதிரியார் இருக்கிறார், கெண்ட் பையனுக்கு மூன்று பக்கம், அவன் நாய்க்குக்கூட ஒரு கட்டம். மார்லீன் இல்லை. ஒரு தாளிலும் இல்லை. முதுகுகூட இல்லை. வேர்லெ தானாக எழுந்து, தானாகச் சாப்பிட்டு, தானாகத் தலைவாரிக்கொண்டு வருகிறாள், என் வேர்லெக்கு வீடு இல்லை. இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை… யார்தான் நினைத்துச் செய்கிறார்கள்? மார்லீன் இவ்வளவு தாள் பார்த்துவிட்டாள். அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் உட்கார்ந்து குமிழ்களை நிரப்பியிருக்கிறாள்.

சரி என்று சொல்ல வாய் வரவில்லை, இன்னமும் வரவில்லை. பென்சிலை எடுத்தேன். தொட்டிப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன், பின்பக்கம் வெற்றுத்தாள். "நான் ஒத்துக்கல" என்றேன். "சும்மா கேக்கறேன். எதுல போட்டுக் குடுப்பீங்க?"

"பைலதான். ரொட்டிக் கடைக் காகிதப் பை. ஈரத்துல அடி கிழிஞ்சிரும்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சுக் குடுப்பேன்."

"பையா?"

"பின்ன கையிலயா குடுப்பாங்க? ஏன்?"

நான் எந்தப் பையையும் பார்த்ததில்லை. கோடை முழுக்க, ஒரு நாள்கூட. அவள் வருவாள், ஸ்வெட்டரில் அள்ளிக்கொண்டு, வயிறு நனைய, மூச்சு வாங்க, முகமெல்லாம் திருட்டு. "பைய என்ன பண்ணுவா?" என்று கேட்டேன். மார்லீன் முகத்தைச் சுளித்தாள். "எனக்கென்ன தெரியும்? உங்கிட்டதான வந்தா?" என்னிடம் வரும்போது பை இல்லை என்றேன். "எங்கிட்டேருந்து போறப்ப இருந்துச்சே, நெஞ்சோட அணைச்சுக்கிட்டுதான போவா" என்றாள். பின்கதவு, பக்கத்துச் சந்து, டிராம் தண்டவாளம், கடல்சுவர்ப் படி, மணல். இதில் எங்கோ நின்றிருக்கிறாள். பையைக் கவிழ்த்து ஸ்வெட்டரில் கொட்டியிருக்கிறாள், பையைக் கசக்கி எங்கோ எறிந்திருக்கிறாள், யாரும் துரத்தாமலே துரத்தப்பட்டவளின் வேகத்தை வரவழைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியிருக்கிறாள், தினமும். அதுவரை மெதுவாக நடந்திருப்பாளா? பின்கதவை விட்டாயிற்று, என்னிடம் இன்னும் வரவில்லை, யாருக்கும் எதுவாகவும் இருக்க வேண்டாத அந்தக் கொஞ்ச தூரத்தில் அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? மார்லீன் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மார்லீனைப் பார்த்தேன். பையை வரைந்துவிட்டேன். அதை அணைத்திருக்கிற கைகளும் வந்துவிட்டன. அதற்கு மேலே என்ன முகம் போடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.